உழவர் சந்தையில் எதை வாங்கலாம், எதற்கு அலைய வேண்டாம்

உழவர் சந்தை என்றதும் முதலில் விலைக் கணக்குத்தான் பேச்சில் வரும். வெளியே கிலோ இவ்வளவு, உள்ளே இவ்வளவு என்பார்கள். விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தையின் பெரிய பலன் காயின் வயது. செடியிலிருந்து பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்த்தால் தள்ளுவண்டி, சூப்பர் மார்க்கெட், செயலியில் சொல்லி வீட்டுக்கு வரும் பை எல்லாமே அதற்குப் பின்னால்தான் நிற்கும். இந்தப் பலனும் எல்லாக் காய்க்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. கீரை, வெண்டை, முருங்கை, அவரை, கத்தரி, பீர்க்கு என்று சீக்கிரம் வாடுகிறவற்றுக்கு முழுதாகக் கிடைக்கும். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு வாங்க அங்கே போனால் தரத்தில் எந்த வித்தியாசமும் இருக்காது. அவை எங்கே வாங்கினாலும் வெளியூர் மூட்டையிலிருந்து வருபவைதான்.

முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் திறக்கப்பட்டது. அப்போது முதல்வர் மு. கருணாநிதி. பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திராவின் ரைத்து பஜாரும் முன்மாதிரி. இன்று தமிழ்நாடு முழுக்க 180-க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன. கோவையில் மட்டும் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம் என்று பல. வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை இவற்றை நடத்துகிறது. விவசாயிக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பிறகே அட்டை. கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையே கொடுக்கிறது. இடையில் கமிஷன் மண்டி இல்லை என்பதால்தான் காய் ஒரே கையிலிருந்து நம் பைக்கு வருகிறது.

விலை வைக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் அங்கே நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும். ஒவ்வொரு நாள் காலையும் மொத்த விலை, வெளிச் சில்லறை விலை இரண்டையும் பார்த்து அன்றைய விலையை எழுதிப் போடுகிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது பொதுவான அளவு. நுழைந்ததும் விலைப்பலகை முன்னால் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை விலை எல்லாக் கடைக்கும் பொது. கடைக்குக் கடை விலை விசாரித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. விலை ஒன்றாக இருக்கும்போது கடைகளுக்குள் வித்தியாசம் தரத்தில் மட்டும்தான். அதனால் எதையும் வாங்காமல் ஒரு முழுச் சுற்று வாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. அதே வெண்டை ஒரு கடையில் விரல் நீளப் பிஞ்சாகவும் நாலு கடை தள்ளி முற்றலாகவும் ஒரே விலையில் இருப்பதைப் பார்க்கலாம். முதல் கடையிலேயே பையை நிரப்புகிறவர்கள் இழப்பது இதைத்தான். பலகை விலைக்கு மேல் ஒருவர் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம், சந்தை அலுவலகத்தில் சொன்னால் போதும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே விலை பார்க்க நினைப்பவர்களுக்கு 2018-இல் அரசு வெளியிட்ட உழவன் செயலியில் சந்தை விலைப் பகுதி இருக்கிறது.

நேரம் முக்கியம். பெரும்பாலான சந்தைகள் விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் ஓய்ந்துவிடும். கீரைக்கும் பிஞ்சுக் காய்க்கும் காலை ஆறிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம். ஒன்பதுக்கு மேல் கூடையின் மேல்பக்கம் எல்லாரும் கிளறிப் பொறுக்கி எடுத்த மிச்சமாக இருக்கும். பத்தரைக்கு மேல் போனால் சிலர் பலகை விலைக்குக் கீழேயும் இறக்கிக் கூறு கட்டித் தள்ளுவார்கள். தக்காளித் தொக்கு, ஊறுகாய், வற்றல் போடுகிறவர்களுக்கு அந்த நேரம் லாபம். நாலு நாள் வைத்துச் சமைக்க நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பொறுமையாகக் கை வைத்துப் பார்க்க முடியாது. வார நாளில் ஒரு நாள் போக முடிந்தால் அதுவே மேல். பெரிய முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் தக்காளி, வாழைக்காய், தேங்காய், இலை எல்லாம் ஏறி நிற்கும். நாள்காட்டியைப் பார்த்து அந்தத் தினத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, உட்கார்ந்திருப்பவர் விவசாயியா என்பது. இந்த அமைப்பின் பலவீனம் அங்கேதான். வேறொருவர் அட்டையில் வியாபாரி உட்காருவது பல ஊர்களிலும் நீண்ட நாளாகச் சொல்லப்படும் குறை. கண்டுபிடிப்பது கடினமில்லை. விவசாயியின் கடையில் இரண்டு, மூன்று, அதிகம் போனால் ஐந்து வகைக் காய் இருக்கும். அளவும் வடிவமும் கலந்திருக்கும், கோணலும் இருக்கும், காம்பில் மண்ணோ இலைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். பதினைந்து வகை வரிசையாக, ஒரே அளவில் தரம் பிரித்து அடுக்கியிருந்தால் அது மண்டிச் சரக்காக இருக்கத்தான் வாய்ப்பு. சமவெளி ஊரில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கத்தரி, கொத்தவரை எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால் யோசியுங்கள். மலைக்காய்களுக்குத் தனிக் கடை இருப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை. நேராகவே கேட்கலாம்: “ஏனுங்க அண்ணா, இது எந்த ஊர்க் காய்? எப்பப் பறிச்சீங்க?” தோட்டத்துக்காரர் ஊரைச் சொல்வார், நேற்றுச் சாயங்காலம் பறித்தது என்பார், கூடவே மழையைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்வார். வியாபாரியிடமிருந்து “ஃப்ரெஷ்தான், எடுத்துக்கோங்க” என்ற பதில்தான் வரும். ஒரு நல்ல வெண்டைக்காரரையும் ஒரு நல்ல கீரைக்காரரையும் அடையாளம் கண்டுவிட்டால் அடுத்த முறைகளில் பாதி வேலை மிச்சம்.

இனிக் காய்களுக்கு வருவோம்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். ஒடித்ததை மறுபடி கூடையில் போட்டுவிட்டுப் போவது விவசாயிக்குச் செய்கிற அநியாயம். ஒடிந்த முனை கறுத்து, அந்தக் காயை அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். ஒடிக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நடுவிரல் நீளத்துக்கு மேல் போகாத காய், மேலே மெல்லிய சுணை, வரிக்கு இடையே லேசாக அழுத்தினால் அமுங்கும் தன்மை, வாடாத காம்பு. இவ்வளவும் இருந்தால் இளசு. வரிகள் விறைத்து, உள்ளே விதை முண்டுவது விரலுக்குத் தெரிந்தால் நார் விழுந்துவிட்டது என்று பொருள். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஒரு பறிப்புத் தவறினாலே முற்றிவிடும். மழையால் தோட்டத்துக்குள் இறங்க முடியாத வாரத்தில் சந்தை முழுக்க முற்றல் வெண்டையாக இருப்பது அதனால்தான். அந்த வாரம் வெண்டையை விட்டுவிடுங்கள்.

கத்தரிக்காயில் முதலில் காம்பின் தொப்பியைப் பாருங்கள். பச்சையாக, காயோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். பழுப்பேறி விலகியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. தோல் பளபளக்க வேண்டும். பளபளப்பு மங்கி மஞ்சள் கலந்திருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மீள வேண்டும். ஊசி நுழைந்தது போன்ற துளை ஒன்று இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள், உள்ளே காய்த்துளைப்பான் புழு சுரங்கம் போட்டிருக்கும். ஆனால் தோலில் சின்னக் கீறல், சொரசொரப்பு, கோணல் இருப்பது குற்றமில்லை. புழு விழுந்துவிடுமோ என்று தொடர்ந்து மருந்தடித்த காய்தான் பல சமயம் மாசு மருவில்லாமல் நிற்கிறது. வேலூர்ப் பக்கம் போகிறவர்கள் இலவம்பாடி முள் கத்தரியைத் தேடி வாங்குங்கள். தொப்பி முள் விறைப்பாகக் குத்தினால் புதிது, துவண்டிருந்தால் பழசு.

முருங்கையைக் கையில் எடுத்து லேசாக முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் இளசு. கட்டைபோல நின்று, விதைகள் வெளியே கணுக்கணுவாகத் தெரிந்தால் முற்றல், சாம்பாரில் சக்கைதான் மிஞ்சும். ரொம்ப மெலிந்ததும் வேண்டாம், சதை இருக்காது. சுண்டுவிரல் பருமனுக்குச் சற்று மேலிருப்பது சரி. கார்த்திகையிலிருந்து தை வரை முருங்கை வரத்துக் குறைந்து விலை தாறுமாறாக ஏறும். அந்த மாதங்களில் மொச்சையும் அவரையும் நன்றாக வரும். குழம்புக்கு அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். அவரையில் விளிம்பு ஓரம் சின்னத் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தக்காளியில் இரண்டு இனம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. நாட்டுத் தக்காளி சற்றுத் தட்டையாக, மடிப்பு மடிப்பாக, மெல்லிய தோலோடு இருக்கும். புளிப்பும் சாறும் அதிகம். ரசத்துக்கும் சட்னிக்கும் அதுதான். ஆனால் பழுத்த பிறகு இரண்டு நாள் தாங்காது. ஹைப்ரிட் நீளவாக்கில், தடித்த தோலோடு, சதைப்பற்றாக இருக்கும். குருமாவுக்கும் கிரேவிக்கும் ஏற்றது, ஒரு வாரம் நிற்கும். ஒரு கிலோ வாங்கினால் கால் கிலோ நன்றாகப் பழுத்தது, மீதி செங்காய் என்று பிரித்து வாங்குங்கள். காம்பு இருந்த குழியைச் சுற்றிக் கறுப்போ பூசணமோ இருக்கக் கூடாது. காய்ந்து கிடந்த தோட்டத்தில் திடீர் மழை பெய்தால் தக்காளி வெடிக்கும். வெடித்த கோடு காய்ந்து தழும்பாகியிருந்தால் வாங்கலாம். ஈரமாக இருந்தால் மறுநாளே புளித்துவிடும்.

கீரைக்குத்தான் உழவர் சந்தைக்குப் போவதே. வேரோடு பிடுங்கிய முளைக்கீரையும் அறுத்துக் கட்டிய அரைக்கீரையும் அதிகாலையில் பார்த்தாலே தெரியும், தண்டை ஒடித்தால் சத்தம் கேட்கும். கட்டின் வெளிப்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். சூடாகவோ கொழகொழவென்றோ இருந்தால் முந்தின நாள் கட்டு, மேலே தண்ணீர் தெளித்து நிமிர்த்தியது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முளைக்கீரை, தண்டுக்கீரையில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளப் புள்ளி இருந்தால் அது வெண்துரு நோய், அந்தக் கட்டு வேண்டாம். அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டை இருப்பது பரவாயில்லை. பூ வந்த தண்டு முற்றல். கட்டின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். விலை ஒன்றென்று பார்க்காமல் கையில் தூக்கிக் கனம் பாருங்கள். வேர்மண் நிறைய ஒட்டியிருந்தால் அந்தக் கனத்தில் ஏமாந்துவிட வேண்டாம்.

சின்ன வெங்காயம் மட்டும் நேர் எதிர். இதில் புதிது நல்லதில்லை. பிடுங்கி வந்த ஈர வெங்காயம் பளிச்சென்று இளஞ்சிவப்பாக இருக்கும், வீட்டில் பத்து நாளில் அழுகும். பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமாகக் குவித்து வைத்து, உலர்த்திய வெங்காயம் கையில் அள்ளினால் சலசலக்கும், கழுத்து வற்றி இறுகியிருக்கும். கழுத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். நெகிழ்ந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. தோலுக்கடியில் கரிப்பொடி போலிருந்தால் பூசணம். ஒரு வாரத் தேவைக்கு ஈர வெங்காயம் வாங்கலாம். மாதத்துக்கு வாங்குகிறவர்கள் பட்டறைச் சரக்கைக் கேட்டு வாங்குங்கள்.

சுரைக்காயில் மெல்லிய ரோமம் இருந்தால் பிஞ்சு. நகத்தால் குத்திப் பார்ப்பவர்கள் அந்தக் காயையே எடுத்துக்கொள்வதுதான் முறை. வீட்டுக்கு வந்ததும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரை நஞ்சு, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். சமைத்தாலும் நஞ்சு போகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கசப்பான சுரைச்சாறு குடிக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. பீர்க்கு, வெள்ளரிக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

மரவள்ளிக் கிழங்கைக் கட்டாயம் ஒடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். இதை விற்பவர்களே தயங்காமல் செய்வார்கள். சதை தூய வெள்ளையாக இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் பிடுங்கி இரண்டு மூன்று நாளாகிவிட்டது, எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது. சேனையில் வேறு கதை. புதிதாகத் தோண்டியது நாக்கை அரிக்கும், சில வாரம் கிடந்தது மேல். தேங்காயில் மூன்று கண்ணும் உலர்ந்திருக்க வேண்டும், ஆட்டினால் தண்ணீர் ஓசை கேட்க வேண்டும். உடைக்கும் நாள்வரை குடுமியைப் பிய்க்காதீர்கள். கண்ணுக்குக் காவல் அதுதான். உருளையில் பச்சை படிந்தது இருந்தால் எந்தக் கடையாக இருந்தாலும் வேண்டாம்.

எடை போடும்போது வெறும் தட்டில் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கூடை வைத்து எடை போட்டால், கூடை வைத்த பிறகு பூஜ்யம் ஆக்கச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை போட வேண்டும், அதையும் கவனிக்கலாம். சந்தேகம் வந்தால் அலுவலகத்தில் மறு எடை கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், தராசு சந்தை கொடுத்தது, குறை இருந்தால் விவசாயிக்கே தெரியாமல் இருக்கலாம். துணிப்பை மூன்று கொண்டுபோங்கள். கிழங்கும் தேங்காயும் ஒன்றில், காய்கள் ஒன்றில், கீரையும் தக்காளியும் ஒன்றில். தக்காளியைக் கடைசியாக வாங்குங்கள். பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை கையில் இருக்கட்டும். காலை முதல் கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் இருவருக்கும் சிரமம்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால், சூப்பர் மார்க்கெட்டில் குளிரூட்டிய அடுக்கு அழகாக இருக்கும். ஆனால் வெண்டைக்கு 7 டிகிரிக்குக் கீழும் கத்தரிக்கு 10 டிகிரிக்குக் கீழும் குளிர் ஆகாது. தோலில் குழி விழும், கத்தரியின் விதை பழுப்பாகும். தட்டில் வைத்து மெல்லிய தாளில் சுற்றியதைத் திருப்பிப் பார்க்க முடியாது என்பது அடுத்த குறை. கேரட், முட்டைக்கோஸ், காளான் வாங்க அந்த இடம் நல்லது, இவை குளிரில் நன்றாக நிற்பவை. செயலியில் வாங்குவதை உருளை, வெங்காயம், இஞ்சி, பூண்டு அளவோடு நிறுத்திக்கொள்வது உசிதம். தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரரையும் தள்ளிவிட வேண்டாம். கொஞ்சம் விலை கூடினாலும் கொசுறாகக் கறிவேப்பிலை, கொத்தமல்லி தருவார், அவசரத்துக்கு அரைக் கிலோ தருவார். பொறுக்கி எடுக்க விடுகிறாரா என்பது ஒன்றுதான் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழுவிக் குளிர்பெட்டியில் வைப்பதில்தான் காலை உழைப்பு பாதி வீணாகிறது. ஈரத்தோடு வைத்த காய் அழுகும். வெண்டையைக் கழுவாமல் துணியில் சுற்றிக் கீழ்த் தட்டில் வைத்து இரண்டு நாளில் சமைத்துவிடுங்கள். தக்காளிச் செங்காய் வெளியிலேயே காம்புப்பக்கம் கீழாக இருக்கட்டும். கீரையை அன்றே ஆய்ந்துவிட வேண்டும். முடியாவிட்டால் வேரைக் கிள்ளாமல் ஒரு சொம்புத் தண்ணீரில் நிறுத்தினால் மறுநாள் காலைவரை தாங்கும். வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், ஒன்றின் ஈரமும் காற்றும் மற்றதைக் கெடுக்கும்.

குறைகள் இருக்கின்றன. பல சந்தைகளில் மேடைக்கு மேல்தான் கூரை, நடக்கிற வழி மழையில் சேறு. வண்டி நிறுத்த இடம் போதாது. காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு இந்த நேரம் ஒத்துவராது. எடுத்த எடுப்பில் பதினைந்து வகையும் ஒரே கடையில் வேண்டும் என்பவருக்கும் இது பொருந்தாது. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க முடிகிற வீட்டுக்குக் கீரை, நாட்டுக்காய், தக்காளி, தேங்காய் நான்குக்கும் இதைவிட நல்ல இடம் ஊரில் வேறில்லை. அதற்கும் நேரம் இல்லாதவர்கள் சனிக்கிழமை ஆறரை மணிக்குப் போய்க் கீரையும் வெண்டையும் மட்டுமாவது வாங்கி வாருங்கள். மற்றதைப் பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.